மாரீசன் குரலும் கணையாழியும்

பஞ்சவடியில் எழுந்த ஒரு குரல்தான் இராம காதையின் போக்கையே மாற்றியது. பொன்மானாக வந்த மாரீசன், இராமபிரானின் அம்பு தைத்து வீழ்ந்த தருணத்தில், தன் சொந்தக் குரலை விட்டுப் பெருமானின் குரலிலேயே சீதையையும் இலக்குவனையும் பெயர் சொல்லிக் கூவினான். பர்ணசாலையில் இருந்த பிராட்டியின் செவியில் அது விழுந்தது. அவள் துடித்துப் போனாள்.

இலக்குவன் கலங்கவில்லை. அண்ணனை வெல்ல வல்லவர் எவரும் இல்லை, இது அரக்கர் மாயை என்று எடுத்துச் சொன்னான். பிராட்டி கேட்கவில்லை. தகாத சொற்களால் அவனைச் சுட்டு, அங்கிருந்து போக வைத்தாள். அவன் போன பிறகு துறவி வேடத்தில் இராவணன் வந்தான். பின்னர் நடந்தவற்றை அனைவரும் அறிவர்.

இராமனின் குரலைச் சீதையைவிட நன்கு அறிந்தவர் யார்? அப்படிப்பட்டவளே அந்தக் குரலில் ஏமாந்தாள். அது அறியாமையால் நேர்ந்ததன்று, அன்பால் நேர்ந்தது. அன்பு மிகுந்த இடத்தில் அச்சம் முந்திக்கொள்ளும். அச்சம் முந்தினால் ஆராய்ந்து பார்க்க நேரம் இருப்பதில்லை. வஞ்சகனுக்கு வேண்டுவதும் அந்தச் சில நிமிடங்கள்தாம்.

இன்று மாரீசன் குரல் கைபேசியில் ஒலிக்கத் தொடங்கியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவின் துணையால் எவருடைய குரலையும் போலி செய்ய முடியும். ஒருவர் பேசிய சிறு பதிவைக் கணினிக்குக் கொடுத்தால், அவர் குரலின் ஏற்ற இறக்கங்களை அது கற்றுக்கொள்கிறது. பிறகு வஞ்சகன் எதை எழுதிக் கொடுத்தாலும் அதே குரலில் பேசிவிடுகிறது. 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், மூன்று விநாடிப் பதிவைக் கொண்டே இதைச் செய்யும் முறையை விளக்கி வெளியிட்டனர். மூன்று விநாடி என்பது ‘ஓம் நமசிவாய’ என்று இரண்டு முறை சொல்லும் நேரம். நவராத்திரிக் கொலுவின் முன் பேத்தி பாடி, பெற்றோர் பெருமையுடன் ஊரறியப் பகிர்ந்த காணொளி போதும். பேரன் தன் பிறந்தநாளில் நண்பர்களுக்கு நன்றி சொன்ன பதிவு போதும்.

குரல் மட்டுமன்று, முகமும் போலியாகக் காட்டப்படுகிறது. 2023 ஜூலையில் கேரள மாநிலம் கோழிக்கோட்டில் நடந்த நிகழ்ச்சி நாடெங்கும் பேசப்பட்டது. மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருக்கு, முன்னர் உடன் பணியாற்றிய நண்பரிடமிருந்து வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. பொதுவான நண்பர்களின் பெயர்களைச் சொல்லி நலம் விசாரித்த அந்த நண்பர், உறவினர் ஒருவரின் அறுவை சிகிச்சைக்கு உடனே 40,000 ரூபாய் வேண்டும் என்றார். பெரியவருக்கு ஐயம் எழாமல் இல்லை. அதைப் போக்கும் விதத்தில் காணொளி அழைப்பிலும் சில விநாடிகள் முகம் காட்டினார். அதே முகம், அதே குரல். பெரியவர் பணத்தை அனுப்பினார். சற்று நேரத்தில் மேலும் 35,000 ரூபாய் கேட்கப்பட்டபோதுதான் மீண்டும் ஐயம் கொண்டு, நண்பரின் பழைய எண்ணுக்குத் தாமே அழைத்தார். உண்மையான நண்பருக்கு எதுவுமே தெரியவில்லை. அந்தப் பெரியவர் தாமதியாமல் புகார் செய்தார். பணம் மகாராஷ்டிரத்தில் ஒரு வங்கிக் கணக்குக்குச் சென்றிருப்பதைக் கண்டறிந்த காவல்துறை அதை முடக்கித் தொகையை மீட்டது.

அவரைக் காப்பாற்றியது, தம் கையில் முன்பே இருந்த எண்ணுக்குத் தாமே அழைத்த அந்த ஒரு செயல். அதை முதல் முறையே செய்திருந்தால் அந்த 40,000 ரூபாயும் போயிருக்காது. பணம் கேட்டு வரும் எந்த அழைப்புக்கும் இதுவே முதல் விதி. அழைப்பைத் துண்டித்துவிட வேண்டும். குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கும் எண்ணுக்குத் தாமே அழைக்க வேண்டும். ‘பாட்டி, என் கைபேசி உடைந்துவிட்டது, இது நண்பனின் எண்’ என்று சொன்னாலும், பழைய எண்ணுக்கு ஒரு முறை முயன்று பார்ப்பதில் குற்றமில்லை. அது கிடைக்காவிட்டால் மகனுக்கோ மருமகளுக்கோ அழைத்துக் கேட்கலாம்.

இனி, அசோக வனத்துக்கு வருவோம். ஒரு குரலிலும் ஒரு துறவி வேடத்திலும் ஏமாந்து, அதன் துன்பத்தை முழுதும் அனுபவித்த பிராட்டியின் முன் அனுமன் வந்து நிற்கிறான். இராமன் பெயரைச் சொல்கிறான், தான் இராமதூதன் என்கிறான். கேட்கக் கேட்க மனம் குளிரும் செய்திதான். ஆயினும் இம்முறை பிராட்டி உடனே நம்பவில்லை. மாறுவேடத்தில் வந்த இராவணனாக இருக்குமோ என்று அஞ்சுகிறாள். இராமனின் திருமேனி அடையாளங்களைக் கூறும்படி கேட்கிறாள். அனுமன் விரிவாகச் சொல்கிறான். அதன் பிறகு பெருமான் தந்தனுப்பிய கணையாழியைச் சமர்ப்பிக்கிறான்.

அவன் விடைபெறும்போது பிராட்டியும் அவ்வாறே செய்கிறாள். சித்திரகூடத்தில் காகம் ஒன்று தன்னைத் துன்புறுத்திய நிகழ்ச்சியை அடையாளமாகச் சொல்லி அனுப்புகிறாள். தனித்திருந்த வேளையில் நடந்த அது, அவளும் இராமனும் மட்டுமே அறிந்தது. சூடாமணியையும் கொடுக்கிறாள். குரலையும் உருவத்தையும் அரக்கர் எடுத்துக்கொள்ளலாம். இருவர் மட்டும் அறிந்த நினைவை எவராலும் எடுத்துக்கொள்ள இயலாது.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் இப்படி ஒரு கணையாழி வேண்டும். அது ஒரு சொல்லாக இருக்கலாம், ஒரு சிறு வாக்கியமாகவும் இருக்கலாம். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மத்திய புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., தன் நாட்டு மக்களுக்கு விடுத்த அறிவிப்பில், குடும்பத்தினர் தமக்குள் ஓர் இரகசியச் சொல்லை வைத்துக்கொள்ளும்படி அறிவுறுத்தியது. அறிவியலில் முன்னிற்கும் நாடு இன்று சொல்லும் யோசனை, சுந்தர காண்டத்தைப் பாராயணம் செய்யும் வீடுகளுக்குப் புதியதன்று.

அந்தச் சொல்லைத் தேர்வதில் கவனம் வேண்டும். குலதெய்வத்தின் பெயர், சொந்த ஊர், பிறந்தநாள், பேரனின் செல்லப்பெயர் ஆகியவை உதவா. அவை பலருக்கும் தெரிந்தவை, முகநூலிலும் இருக்கக்கூடியவை. தாத்தா வீட்டில் முன்பு வளர்ந்த பசுவின் பெயர், கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகள் உடைத்த ஊறுகாய் ஜாடி என்பன போல, வீட்டார் மட்டும் நினைத்துச் சிரிக்கும் ஒன்றாக இருந்தால் மறக்கவும் மறக்காது. அதை நேரில் கூடியிருக்கும்போதுதான் முடிவு செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதோ கைபேசியில் எழுதி வைப்பதோ கூடாது.

இன்னொன்றும் உண்டு. ‘பாட்டி, என்னைத் தெரிகிறதா?’ என்று ஒரு குரல் கேட்டதும், ‘யார், கார்த்திக்கா?’ என்று பெயரை எடுத்துக் கொடுப்பது பெரியவர்களின் இயல்பு. வஞ்சகனுக்கு அந்த நொடி வரை பெயர் தெரிந்திருக்காது, பாட்டியேதான் தெரிவிக்கிறார். ஆகையால் பெயரை அழைப்பவரே சொல்ல வேண்டும், அடையாளச் சொல்லையும் அவரேதான் சொல்ல வேண்டும். பாதியைச் சொல்லி மீதியைக் கேட்பதும் வேண்டா.

உறவினர் வேடம் தவிர, அதிகாரி வேடமும் உண்டு. காவல் அதிகாரி என்றும், சி.பி.ஐ. என்றும், சுங்கத் துறை என்றும் சொல்லிக்கொண்டு, சீருடையுடன் காணொளியில் தோன்றி, ‘நீங்கள் டிஜிட்டல் கைது செய்யப்பட்டிருக்கிறீர்கள், கைபேசியை அணைக்கக் கூடாது, எவரிடமும் பேசக் கூடாது’ என்று மிரட்டுவார்கள். சட்டத்தில் அப்படி ஒரு கைதே இல்லை. பாரதப் பிரதமர் 2024 அக்டோபர் 27 அன்று ‘மனதின் குரல்’ வானொலி உரையில் இதை நாட்டு மக்களுக்குத் தெளிவாக்கினார். அத்தகைய அழைப்பு வந்தால் சற்று நிறுத்தி, சிந்தித்து, அதன் பின் செயல்படுமாறு கேட்டுக்கொண்டார்.

கம்பநாட்டாழ்வாரின் யுத்த காண்டத்தில் மாயா சனகப் படலம் என்று ஒரு பகுதி உண்டு. மருத்தன் என்ற அரக்கன் சனகனின் உருவெடுத்து, கட்டுண்டவனாகப் பிராட்டியின் முன் கொண்டுவரப்படுகிறான். இராவணனுக்கு இணங்கும்படி அவளிடம் சொல்கிறான். தந்தை என்றே எண்ணிப் பிராட்டி பதறினாள். ஆனால் அவன் சொன்னதை ஏற்கவில்லை. அறம் அல்லாத சொல் தந்தையின் வாயிலிருந்து வந்தாலும் ஏற்கத்தக்கதன்று என உறுதியாக நின்றாள். அது மாயை என்பது அவளுக்குப் பின்னர்தான் தெரிந்தது. சீருடையைக் கண்டு அஞ்சும் வேளையிலும் இந்த ஓர் அளவுகோல் போதும். தொலைபேசியில் பணம் கேட்பது எந்தக் காவல் அதிகாரியின் கடமையும் அன்று. ஆள் உண்மையா போலியா என்று தெரியாவிட்டாலும், கேட்கும் செயல் முறையற்றது என்பது தெரியும்.

இலக்குவனையும் மறக்கலாகாது. வங்கி முகப்பில் மூத்த குடிமக்கள் நிரந்தர வைப்பைத் திடீரென முறித்துப் பெருந்தொகையை வேறு கணக்குக்கு அனுப்பக் கேட்கும்போது, ‘யாருக்கு ஐயா இந்தப் பணம்? பிள்ளைகளுக்குத் தெரியுமா?’ என்று ஊழியர் கேட்பதுண்டு. சிலர் அதைக் கேட்டுச் சினம் கொள்வர். ‘என் பணம், உனக்கென்ன?’ என்பர். சொந்தப் பணந்தான். ஆயினும் கேள்வி கேட்பவர் அந்த நேரத்தில் வாசலில் நிற்கும் இளைய பெருமாள். அவரைச் சுடுசொல் கூறி விலக்காமல் ஐந்து நிமிடம் பேசினால் வாழ்நாள் சேமிப்பு தப்பக்கூடும். ‘வங்கியில் காரணத்தைச் சொல்லாதீர்கள்’ என்று ஒருவர் தொலைபேசியில் கட்டளையிட்டால், அதுவே அவர் வஞ்சகர் என்பதற்குப் போதிய சான்று.

முன்னெச்சரிக்கையாகச் செய்யத்தக்கவையும் உண்டு. கைபேசியுடன் இணைந்த கணக்கில் மாதச் செலவுக்குரிய தொகையை மட்டும் வைத்துக்கொண்டு, சேமிப்பை வேறு கணக்கில் வைக்கலாம். ஒரு நாளில் அனுப்பக்கூடிய தொகையின் வரம்பைக் குறைத்துத் தரும்படி வங்கியில் கேட்கலாம். யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை, அனுப்புவதற்கே தேவை. எனவே, ‘பணம் வந்து சேர எண்ணை அழுத்துங்கள்’ என்பது பொய்.

இவ்வளவுக்குப் பின்னும் ஏமாற்றம் நேர்ந்துவிட்டால், உடனே 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும். வங்கிக்கும் அப்போதே தெரிவிக்க வேண்டும். வஞ்சகர்கள் பணத்தைச் சிறிது நேரத்தில் பல கணக்குகளுக்கு மாற்றிவிடுவர். அதற்குள் செய்தி எட்டினால் இடையில் முடக்க வழியுண்டு. பாரத ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரே இரகசிய விவரத்தைப் பகிர்ந்ததால் நேர்ந்த இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரையே சாரும். தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியைச் சாரும். ஆகவே தயங்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலையுண்டு.

அந்தத் தயக்கத்துக்குப் பெரும்பாலும் வெட்கமே காரணம். ‘இத்தனை வயதாகியும் ஏமாந்தாயே’ என்று பிள்ளைகள் சொல்வார்களோ என்று அஞ்சி, இரவெல்லாம் உறங்காமல் கிடக்கும் பெரியவர்கள் உண்டு. பிள்ளைகள் இதை உணர வேண்டும். ‘எப்படி ஏமாந்தீர்கள்?’ என்பது முதற்கேள்வியாக இருக்கலாகாது. ‘வாருங்கள், 1930-க்கு அழைப்போம்’ என்பதே முதற்சொல்லாக இருக்க வேண்டும். பேரனுக்கு ஆபத்து என்று கேட்டுப் பதறிய பாட்டியின் அன்பு குற்றமன்று. அதைப் பயன்படுத்திக்கொண்டவன் செய்ததே குற்றம்.

ஏமாந்த பின் சிலர் எவரையுமே நம்புவதில்லை. தொலைபேசி ஒலித்தாலே நடுங்குவர். பணத்தை இழந்ததைக் காட்டிலும் இது பெரிய இழப்பு. பிராட்டி அப்படி ஆகிவிடவில்லை. இனி எவர் பேச்சையும் கேளேன் என்று அவள் செவியை மூடிக்கொண்டிருந்தால், அனுமன் கொண்டுவந்த நற்செய்தியும் அவளைச் சேர்ந்திராது. அவள் கேட்டாள், ஐயுற்றாள், சோதித்தாள், அதன் பின் முழுமனத்துடன் நம்பினாள். சோதிக்கப்பட்டதற்காக அனுமனும் வருந்தவில்லை. கேட்ட அடையாளங்களைப் பணிவுடன் சொன்னான். உண்மையான பேரனும் அப்படித்தான் இருப்பான். அடையாளச் சொல்லைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வான். ‘என்னையே சந்தேகப்படுகிறாயா?’ என்று சீறி அவசரப்படுத்தும் குரலிடம் எச்சரிக்கை வேண்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வீட்டுக்கு வந்தால், மாலையில் விளக்கேற்றிய பின் பூஜையறை முன்னே அமர்ந்து அந்த ஒரு சொல்லைத் தேர்ந்துகொள்ளலாம். தொலைவில் இருப்பவர்கள் அடுத்து ஊருக்கு வரும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம். அதுவரை, பழைய எண்ணுக்குத் திரும்ப அழைக்கும் வழக்கமே துணை. சொல் முடிவானதும் தொலைபேசியின் அருகிலுள்ள குறிப்பேட்டில் பிள்ளைகளின் எண்களோடு 1930 என்பதையும் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். அடையாளச் சொல்லை மட்டும் எங்கும் எழுதாமல் நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும்.