பத்தொன்பது தாள்களில் ஒரே மயில்

இரண்டாம் தவணைப் பரீட்சையில் தரம் 11 பிள்ளைகளுக்கு 'ஒரு மழை நாள்' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்திருந்தேன். வந்தவை முப்பத்தொரு தாள்கள். அவற்றில் பத்தொன்பது ஒரே மாதிரித் தொடங்கின: வானம் கறுத்தது, மின்னல் வெட்டியது, மயில் தோகை விரித்து ஆடியது. கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் மழையோடு மழையாக வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். மழைக்கு மயில் ஆடியதை அந்த வகுப்பில் ஒருவரும் கண்டதில்லை. அந்த மயிலைக் கொடுத்தவள் நான்தான். முந்தைய மாதம் நானே எழுதி அச்சடித்துக் கொடுத்த டியூட்டில் அது இருந்தது.

ஏன் கொடுத்தேன் என்பது இந்த இதழைப் படிக்கும் தமிழாசிரியர்களுக்குத் தெரியும். உயர்தரம் படிக்க வேண்டுமானால் சாதாரண தரத்தில் தாய்மொழியிலும் கணிதத்திலும் சித்தி வேண்டும். கணிதத்தில் தடுமாறும் பிள்ளை தமிழிலாவது கரையேறட்டும் என்று நினைக்கிறோம். பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம் என்றதும் கட்டுரை கற்பிப்பதை நிறுத்திவிட்டுக் கட்டுரைகளைக் கொடுக்கத் தொடங்குகிறோம். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மனனம் செய்த கட்டுரை பிள்ளையைக் காப்பாற்றுவதில்லை. தலைப்பு சற்றே மாறி 'மழை ஓய்ந்த பின்' என்று வந்துவிட்டால் கையில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

மயில் எழுதிய மாணவிகளில் ஒருத்தி புசல்லாவைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வருகிறவள். தாளை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன்: "ஒங்க தோட்டத்துல மழ பேஞ்சா என்னா நடக்கும் புள்ள?"

"கொழுந்து நனைஞ்சிருக்குன்னு தராசுல கிலோ கழிப்பாங்க டீச்சர். அன்னைக்கு அம்மா வீட்டுக்கு வந்து பேசவே மாட்டாங்க. ஈரப் படங்க இஸ்தோப்புல காயப் போடுவோம். அந்த வாடையிலதான் நான் படிப்பேன்."

இதையே எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். மறுநாள் ஒன்றரைப் பக்கம் கொண்டுவந்தாள். எழுத்துப்பிழைகள் இருந்தன, ஆனால் அது அவள் கண்ட மழை. ஒரே ஒரு சொல் மட்டும் நெருடியது. இஸ்தோப்பு என்று என்னிடம் சொன்னவள் தாளில் 'முன்றில்' என்று எழுதியிருந்தாள். ஏனென்று கேட்டேன். "அது எழுத்துத் தமிழ் இல்லையே டீச்சர்" என்றாள்.

அந்தப் பதிலை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவை நம் சிவப்புப் பேனாக்கள். இஸ்தோப்பு ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். சிங்களத்திலும் உண்டு, தோட்டத்துத் தமிழிலும் உண்டு. லயத்து வீட்டின் அந்த ஒடுங்கிய முன்பகுதியைச் சொல்ல அதைவிடச் சரியான சொல் நம்மிடம் இல்லை. முன்றில் என்றால் வேறோர் இடம் கண்ணுக்கு வருகிறது. என். எஸ். எம். இராமையா தம் கதைக்கு 'ஒரு கூடைக் கொழுந்து' என்று பெயர் வைத்தார். கூடையும் கொழுந்தும் எழுதத் தகாத சொற்கள் என்று அவரும் ஒதுங்கியிருந்தால் மலையகச் சிறுகதை இன்று இருக்கும் இடத்துக்கு வந்திருக்குமா?

அக்குறணைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். பிங்கா ஓயா பெருகிக் கடைத் தெருவுக்குள் தண்ணீர் வந்த நாளைப் பற்றி ஒரு மாணவன் எழுதியிருந்தான். வாப்பாவும் காக்காவும் கீழ்த்தட்டுச் சாமான்களை மேல்தட்டுக்கு ஏற்றுகிறார்கள். அரிசி மூட்டையை மட்டும் தூக்க முடியவில்லை. நல்ல கட்டுரை. அதைத் திருத்தியவர் வாப்பாவை அடித்துத் 'தந்தை' ஆக்கி, காக்காவைத் 'தமையன்' ஆக்கி, அரைப் புள்ளி குறைத்திருந்தார். கையெழுத்தைப் பார்த்து அது நானில்லை என்று நிம்மதி அடைந்தேன். பிறகு, எத்தனை தாள்களில் நானும் இதைச் செய்திருப்பேன் என்று எண்ணி வருந்தினேன்.

இவ்வளவும் சொன்னதும், பிள்ளைகள் சொந்த அனுபவத்தை மட்டுந்தான் எழுத வேண்டும் என்று ஒரு புது விதியை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தோட்டத்துப் பிள்ளை லயத்தையே எழுத வேண்டும் என்பதும் ஒரு விலங்குதான். நம் கண்டியில் 1838இல் பிறந்த சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை' ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகப் போற்றப்படுகிறது. அதன் நாயகன் மிசுறு (எகிப்து) தேசத்தவன். ஆனால் சித்திலெப்பை வெறுங்கையோடு மிசுறைக் கற்பனை செய்யவில்லை. 1883இல் அங்கிருந்து இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவோடு நெருங்கிப் பழகியவர் அவர். கற்பனைக்கும் கைப்பொருள் வேண்டும். செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் கதை எழுத விரும்பும் பையனிடம் "அங்கே காலையில் என்ன சாப்பிடுகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தொடங்கினால் கதை நகர்ந்துவிடும்.

வகுப்பறையில் எனக்குப் பலன் தந்தது மிகச் சிறிய பழக்கம். நாளொன்றுக்கு ஐந்து வரி. குட்ஷெட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்ட ஒரு பேச்சு, குசினியில் வந்த ஒரு வாசனை, எதுவானாலும் சரி. உவமை கூடாது, அறிவுரை கூடாது. அதற்கு நான் புள்ளி போடுவதில்லை, பிழை திருத்துவதுமில்லை. மூன்று மாதத்தில் ஒவ்வொரு பிள்ளையிடமும் முந்நூறு, நானூறு வரி சேர்ந்துவிடுகிறது. பரீட்சை மண்டபத்தில் எந்தத் தலைப்பு வந்தாலும் கை நீட்டி எடுக்க ஏதாவது இருக்கும். முழுக் கட்டுரை எழுதிய பிறகு முதல் பந்தியை வெட்டிவிட்டு வாசிக்கச் சொல்வேன். பெரும்பாலும் கட்டுரை இரண்டாம் பந்தியில்தான் தொடங்கியிருக்கும்.

இலக்கணத்தைக் கைவிடச் சொல்கிறேன் என்று எவரும் கொள்ள வேண்டாம். ரகர றகரமும் ணகர னகரமும் குழம்பினால் புள்ளி போகும், போகத்தான் வேண்டும். ஆனால் அது இரண்டாம் வாசிப்பின் வேலை. முதல் வாசிப்பில் பிள்ளை என்ன கண்டது என்பதை மட்டும் பார்ப்போம். கதை சொல்லும் நடை எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பாத்திரங்களின் பேச்சு அவரவர் வாய்மொழியில் இருக்கட்டும் என்ற ஒரு வரம்பு பிள்ளைகளுக்கு எளிதில் பிடிபடுகிறது. எழுத்துத் தமிழ் என்று இன்று எதைச் சொல்கிறோம் என்பதில் நமக்கே ஐயம் வந்தால், பேராதனையில் கற்பித்த எம். ஏ. நுஃமானின் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' மேசையில் இருக்கட்டும். 1999இல் வந்த அந்த நூல் இக்காலத் தமிழை வைத்தே விதிகளைப் பேசுகிறது.

அடுத்த இதழில் நான்கு பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். உங்கள் வகுப்பிலிருந்து மழையைப் பற்றி ஒரு பந்தி அனுப்புங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம், ஊர் போதும். எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பலாம், சொல்லை மாற்றாதீர்கள். புசல்லாவை மாணவியின் பந்தியை முதலில் வெளியிடுகிறோம். அதில் இஸ்தோப்பு மறுபடி இஸ்தோப்பாகவே இருக்கிறது. அதை மாற்றி எழுதியதும் அவள்தான்.