வீட்டுப் பாடமும் குருதட்சிணையும்

சில வழக்குகள் தீர்ப்பு வழங்கிய பின்பும் தீர்வதில்லை. 2013-ஆம் வருஷம் மே மாதம் வெளிவந்த ‘ராண்டம் ஆக்ஸெஸ் மெமரீஸ்’ என்னும் இசைத்தொகுப்பைப் பற்றிய வழக்கு அத்தகையது. அடுத்த ஜனவரியில் அமெரிக்காவின் கிராமி விருதுச் சபையார் அதையே ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பென்று தீர்மானித்தனர். அதைப் படைத்த ‘டாஃப்ட் பங்க்’ என்னும் இரட்டையர் 2021 பிப்ரவரியில் தங்கள் கூட்டையே கலைத்துவிட்டனர். ஆயினும் நடன இசையில் ருசியுள்ள இருவர் ஓரிடத்தில் கூடினால், இத்தொகுப்பைக் குறித்து இன்னமும் இரண்டு கட்சிகள் ஏற்பட்டுவிடுகின்றன. துணிகரமான மகத்தான முயற்சி என்கிறார் ஒருவர். பணக்கார வீட்டுக் கல்யாணத்தைப் போன்ற ஆடம்பரம் என்கிறார் மற்றவர். ஒரு தொகுப்பின் பெருமை சிறுமையைக் காட்டிலும் பெரிய விஷயம் ஒன்று இவ்விவாதத்தில் அடங்கியிருப்பதாகக் கருதுவதால், இவ்வாரம் நாம் இதை எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் இரட்டையரை நேயர்களுக்கு அறிமுகம் செய்துவைப்போம். தாமஸ் பாங்கல்தேர், கீ மானுவெல் தெ ஓமெம் கிறிஸ்தோ என்னும் இருவரும் 1987-இல் பாரிஸ் நகரத்துக் கார்னோ உயர்நிலைப் பள்ளியில் மாணவராயிருந்தபோது நண்பரானவர்கள். பின்பு இன்னொரு தோழரையும் சேர்த்துக்கொண்டு கிடார் வாத்தியக் கோஷ்டி ஒன்றை நடத்தினர். இங்கிலாந்தின் இசைப் பத்திரிகை ஒன்று அவர்களுடைய வாசிப்பை அசட்டு இரைச்சல் என்று பொருள்படும்படி எள்ளி எழுதிற்று. வேறு யாரேனுமானால் மனமுடைந்து போயிருப்பார்கள். இவர்களோ அந்த ஏளனச் சொல்லையே தங்களுக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டு, கிடாரை வைத்துவிட்டு யந்திரங்களைக் கையில் எடுத்தனர். பாங்கல்தேரின் வீட்டிலேயே பதிவு செய்து 1997-இல் வெளியிட்ட முதல் தொகுப்புக்கு ‘ஹோம்வொர்க்’, அதாவது வீட்டுப் பாடம், என்று பெயர் வைத்தனர். வீட்டுப் பாடம் என்றதும் பிள்ளைகள் முகம் சுளிப்பதை நாள்தோறும் காணும் நமக்கு இப்பெயர் சற்று ஆறுதல் அளிக்கிறது. அத்தொகுப்பில் ‘டீச்சர்ஸ்’ என்று ஒரு பாட்டும் உண்டு. யார் யாரிடமிருந்து தங்கள் வித்தையைக் கற்றார்களோ அவர்களுடைய பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்வதே அந்தப் பாட்டு.

அப்பெயர்களில் பல அமெரிக்காவின் சிக்காகோ நகரத்தைச் சேர்ந்தவை. அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1970-களில் நியூயார்க் முதலிய நகரங்களின் நடன விடுதிகளில் கறுப்பின மக்களும், ஸ்பானிய மொழி பேசுவோரும், ஊரார் ஒதுக்கிவைத்த ஒருபால் விருப்பினரும் போற்றி வளர்த்த ‘டிஸ்கோ’ இசை நாடெங்கும் பரவிற்று. அதன்மேல் எழுந்த துவேஷம் 1979 ஜூலை 12-இல் சிக்காகோவின் பேஸ்பால் மைதானம் ஒன்றில் உச்சநிலையை அடைந்தது. இரண்டு பந்தயங்களுக்கு நடுவே டிஸ்கோ இசைத்தட்டுக்களைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தனர். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து செய்த அமளியில் இரண்டாவது பந்தயம் நடைபெறவே இல்லை. அப்பால் வானொலி நிலையங்கள் டிஸ்கோவைக் கைவிட்டன. அதை நயம்பட வாசித்துவந்த வித்வான்கள் பலருக்கு மவுசு குறைந்தது. ஆனால் அதே சிக்காகோவில், சில வருஷங்களுக்குள்ளாகவே, கையில் அதிகப் பணமில்லாத கறுப்பின வாலிபர்கள், வாங்குவாரின்றி மலிவு விலைக்குக் கிடைத்த ஜப்பானியத் தாள யந்திரங்களைக் கொண்டு ‘ஹௌஸ்’ என்னும் புதிய நடன இசையைப் படைத்தார்கள். எரித்த இடத்திலேயே மறுபடி முளைத்த அந்தப் பயிரிலிருந்துதான் பாரிஸ் இளைஞர் இருவரும் விதை எடுத்தனர்.

அவர்கள் கற்றது பெரும்பாலும் இசைத்தட்டுக்கள் வாயிலாக. துரோணருடைய மண் பிரதிமையின் முன் நின்று வில்வித்தை பயின்ற ஏகலைவனை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பழைய தட்டொன்றிலிருந்து சில விநாடி ஒலியைத் துண்டாக எடுத்து, அதைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து, அதன்மேல் புதிய பாட்டைக் கட்டுவதற்கு இத்தொழிலில் ‘சாம்பிள்’ என்று பெயர். 2001-இல் வெளிவந்த ‘டிஸ்கவரி’ தொகுப்பில் உலகப் புகழ் பெற்ற ‘ஹார்டர், பெட்டர், ஃபாஸ்டர், ஸ்ட்ராங்கர்’ என்னும் பாட்டு, எட்வின் பேர்ட்சாங் என்ற அமெரிக்கர் 1979-இல் வெளியிட்ட பாட்டொன்றின் துண்டின்மேல் எழுந்ததாகும். இதைத் திருட்டென்று சொல்வாரும் உளர். நாம் அவ்வாறு சொல்லமாட்டோம். பேர்ட்சாங்கின் பெயரை இரட்டையர் முறைப்படி குறிப்பிட்டிருக்கின்றனர். ஆனால் ஒன்று மட்டும் உண்மை. துண்டுக்குள் உறைந்துபோன வாத்தியக்காரர் புதிதாக ஒரு ஸ்வரமும் வாசிக்க இயலாது. ‘இதை இப்படி வாசித்தால் என்ன?’ என்று அவரிடம் கேட்கவும் முடியாது.

நிற்க. 2005-இல் வெளிவந்த மூன்றாவது தொகுப்பை இருவரும் ஆறே வாரத்தில் முடித்தனர். 2006, 2007-ஆம் வருஷங்களில் ரோபோ முகமூடி தரித்து, ஒளிவீசும் பிரமிடு ஒன்றின் உச்சியில் நின்று நாடு நாடாக நிகழ்ச்சி நடத்தினர். அதைக் கண்டு கிளர்ச்சியுற்ற ஒரு தலைமுறை, அமெரிக்காவில் பெருந்திரளான விழாக்களில் யந்திர இசையை முழக்கத் தொடங்கிற்று. அடுத்த தொகுப்பு இன்னும் உரத்த முழக்கமாக இருக்குமென்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தபோது, இருவரும் நேர் எதிர்த்திசையில் திரும்பினர். கணினியின் நினைவகத்துக்கு வழங்கும் பெயரைச் சற்றே மாற்றி, மனிதருடைய நினைவுகளைக் குறிக்கும்படி தொகுப்புக்குத் தலைப்பிட்டனர். 2008-இல் தொடங்கி நாலு வருஷம் வரை உழைத்தனர். பாரிஸ், நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரங்களின் பெரிய ஸ்டூடியோக்களில் காந்த நாடாவிலும் கணினியிலும் ஒருங்கே பதிவு நடந்தது. ஒமார் ஹக்கீமும், 1979-இல் மைக்கேல் ஜாக்ஸனின் தொகுப்பில் வாசித்த ஜான் ராபின்ஸனும் டிரம் வாசித்தனர். ‘ஷீக்’ என்னும் டிஸ்கோ கோஷ்டியின் தலைவராயிருந்த நைல் ராட்ஜர்ஸ் கிடார் எடுத்தார். நேதன் ஈஸ்டின் பாஸ் கிடார், தந்தி வாத்தியப் பெருங்குழு, பலர் சேர்ந்து பாடும் குழு, ஃபாரெல் வில்லியம்ஸின் குரல் எல்லாம் சேர்ந்தன. மொத்தம் 13 பாட்டுக்கள், 74 நிமிஷம். செலவு பத்து லட்சம் டாலருக்கு மேல் என்பது பாங்கல்தேருடைய மதிப்பு.

எதிர்க்கட்சியின் வாதத்தைக் குறைவுபடாமல் சொல்லுவோம். யந்திர இசையின் பெருமையே, ஏழைப் பையன் தன் படுக்கையறையில் உட்கார்ந்து உலகை ஆட்டுவிக்கலாம் என்பதில் இருக்கிறது. அந்த வாசலைத் திறந்தவர்களில் இவ்விரட்டையரும் அடங்குவர். அப்படியிருக்க, மனிதர் வாசித்தால்தான் ஜீவன் உண்டு என்று பத்து லட்சம் டாலரைச் செலவிட்டுச் சொல்வது, வாசலைக் கடந்தபின் கதவைச் சாத்துவது போலாகாதா? மேலும் இது முன்னேற்றமா, பழம்பெருமை பேசுதலா? எதிர்காலத்தின் தூதர்களாய் ரோபோ வேஷம் போட்டவர்கள் 1978-ஐ நோக்கி நடக்கலாமா? போதாக்குறைக்கு, பல பாட்டுக்கள் மந்தகதியில் செல்கின்றன. நடன இசை என்று பெயர் வைத்துக்கொண்டு காலை ஆடவிடவில்லையென்றால் என்ன செய்வது? ‘டச்’ என்னும் எட்டு நிமிஷப் பாட்டில் ஊதுவாத்தியம், தந்தி வாத்தியம், கூட்டுப் பாடல், விந்தை ஒலிகள் யாவும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து குவிகின்றன. இலை கொள்ளாமல் பரிமாறுவது விருந்தாகுமா என்பது அவர்கள் கேள்வி.

இவற்றில் முதலாவது ஆட்சேபத்தை நாம் இலேசாகத் தள்ளமாட்டோம். இத்தொகுப்பு காட்டும் வழி எல்லோருக்கும் திறந்த வழியன்று. இதைக் கேட்டுவிட்டு, யந்திரத்தில் பாட்டுக் கட்டும் இளைஞன் எவனும் தன் கருவியைத் தாழ்வென்று எண்ண வேண்டியதில்லை. இத்தொகுப்பிலேயே ‘டூயின் இட் ரைட்’ என்னும் பாட்டு அனேகமாக முழுவதும் யந்திரத்தாலானது. தொகுப்பின் நேர்த்தியான பாட்டுக்களில் அதுவும் ஒன்று.

ஆனால் பழம்பெருமை என்ற குற்றச்சாட்டு நிற்காது. அதற்குச் சாட்சி ‘ஜார்ஜியோ பை மொரோடர்’ என்னும் ஒன்பது நிமிஷப் பாட்டு. ஜார்ஜியோ மொரோடர் 1977-இல் டோனா சம்மர் என்னும் பாடகிக்காக ‘ஐ ஃபீல் லவ்’ என்ற பாட்டை ஏறக்குறைய முழுவதும் சிந்தசைசர் யந்திரத்தைக் கொண்டே அமைத்தவர். இப்பாட்டில் அவர் பாடவில்லை. தம் வாழ்க்கையைப் பேசுகிறார். அவர் பேச்சைப் பதிவு செய்ய வெவ்வேறு காலத்து மைக்குகளை வைத்திருந்தார்களாம். அந்த வேற்றுமை யாருக்குத் தெரியும் என்று அவர் கேட்க, அவ்விருவருக்கும் தெரியும் என்று பதில் வந்ததாம். பேச்சு முடிந்ததும் யந்திரத்தின் சீரான துடிப்பு எழுகிறது. அதைத் தந்தி வாத்தியங்கள் சூழ்கின்றன. ஹக்கீமின் டிரம் அதனோடு வாதாடி, மீறி, மீண்டும் வந்து சேருகிறது. வாத்தியக்காரரின் இடத்தில் யந்திரத்தை அமர்த்திய மனிதரைச் சுற்றியே வாத்தியக்காரர்கள் வாசிக்கிறார்கள். 1978-இல் இப்படி ஒரு பாட்டு இல்லை, இருந்திருக்கவும் முடியாது.

ஆடம்பரம் எது, அவசியம் எது என்று காண ஒரு நல்ல சோதனை உண்டு. நீக்கிப் பார்த்துக் குறை தெரியாவிட்டால் அது ஆடம்பரம். 2023 நவம்பரில் இத்தொகுப்பின் டிரம் இல்லாத பதிப்பு ஒன்று வெளியிடப்பட்டது. அதைக் கேட்டால் சில பாட்டுக்களில் மறைந்திருந்த தந்தி இசையின் அழகு புலனாவது மெய்யே. ஆனால் மொரோடரின் பாட்டு முதுகெலும்பு இழந்து நிற்கிறது. ஹக்கீமுக்குக் கொடுத்த கூலி வீண்செலவன்று என்பதற்கு வேறு ருசு வேண்டாம். ‘டச்’ பாட்டில் பரிமாறியது அதிகந்தான். ஆயினும் எழுபதைக் கடந்த பால் வில்லியம்ஸின் தழுதழுத்த குரல் அத்தனையையும் ஒன்றாகக் கட்டி நிறுத்துகிறது. ‘பியாண்ட்’ என்னும் பாட்டைப் பற்றி அவ்வாறு சொல்லமாட்டோம். பேரிகை முழங்கத் திரை விலகுகிறது. உள்ளே வருவது சாதாரணப் பாட்டு. அங்கே எதிர்க்கட்சி சொல்வது சரியே.

இவ்வளவும் போக, முக்கியமான விஷயம் ஒன்று எஞ்சுகிறது. 1997-இல் ஆசிரியர்களின் பெயர்களைப் பாட்டாகச் சொன்ன பிள்ளைகள், 2013-இல் அந்த மரபின் மூத்தவர்களை நேரில் அழைத்து, ஆசனமிட்டு, கூலி கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். ஏகலைவன் கட்டைவிரலை இழந்தான். இந்தக் கதையில் குருவுக்கும் சீடனுக்கும் இழப்பில்லை. வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட இசையின் கிடார் வித்வான் நைல் ராட்ஜர்ஸ், 35 வருஷம் கழித்து அதே நாட்டின் பெரிய மேடையில் பரிசு பெற்றவர்களுள் ஒருவராக நின்றார். ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான விருதை வாங்கியபோது முகமூடி அணிந்த இருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்காக நன்றி கூறியவர் மூத்தவர் பால் வில்லியம்ஸ்.

தங்கள் பழைய தொழிலை இருவரும் பழித்தார்களோ என்றால் அதுவுமில்லை. கடைசிப் பாட்டாகிய ‘காண்டாக்ட்’, ஓர் ஆஸ்திரேலியக் கோஷ்டியின் பழைய தட்டிலிருந்து எடுத்த துண்டின்மேல் கட்டியதே. 1972-இல் சந்திரனுக்குச் சென்ற அப்பல்லோ 17 விண்கலத்தின் தலைவர் யூஜீன் செர்னானின் குரலும் அதில் கேட்கிறது.

ஆகவே நமது அபிப்பிராயம் இது: தொகுப்பில் மிகை உண்டு, ஓரிரண்டு இடங்களில் வெறும் ஜோடனையும் உண்டு, ஆனால் செலவில் பெரும்பகுதி கடன் தீர்ப்பதற்கே சென்றிருக்கிறது. இசை கேட்கும் வழக்கமுள்ள வீட்டார் முதலில் ‘டீச்சர்ஸ்’ பாட்டையும், அதையடுத்து மொரோடரின் பாட்டையும் ஒரே மூச்சில் கேட்டுப் பார்க்கட்டும். எந்தக் கட்சியில் சேர்வது என்று அதன்பின் தீர்மானித்துக்கொள்ளலாம்.