மலிவு விலை வயர்லெஸ் நெட்: போடிக்கு லாபமா, நட்டமா?

"மொட்டை மாடியில ஆன்டெனா வச்சு நெட் தர்றாங்களாமே, போடலாமா?" என்று எங்கள் தெருவில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். பி.காம் படிக்கிற ஆளிடம் கணக்கு கேட்டால் சும்மா விடுவேனா? :-)

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்தது. 2017 மார்ச் 31 வரை டேட்டாவுக்குக் காசே வாங்கவில்லை. அதுவரை எம்.பி. எம்.பி.யாக எண்ணிச் செலவழித்தவர்கள் ஜி.பி. கணக்குக்கு மாறினார்கள். நம்ம ஊருக்கு 2010 கடைசியில் நின்றுபோன ரயில் திரும்பி வர 2023 ஜூன் ஆனது. ரயிலை முந்திக்கொண்டு 4ஜி வந்துவிட்டது! வீடு வீடாகக் குழி தோண்ட வேண்டாம் என்பதுதான் காரணம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி, மறுக்க முடியாது.

இந்த ஆசை நம்ம பக்கம் பழசுதான். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 'கார்டெக்ட்' என்ற வயர்லெஸ் தொழில்நுட்பத்தைக் கிராமத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் உருவாக்கினார்கள். 2001-லிருந்து மேலூர் வட்டாரக் கிராமங்களில் அதை வைத்து இணைய மையங்கள் நடந்தன. வேகம் வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இப்போது கேட்டால் சிரிப்பு வரும், அன்றைக்கு அது பெரிய விஷயம். பல மையங்கள் வரவுக்கும் செலவுக்கும் கட்டாமல் பிறகு மூடப்பட்டன. அதில் ஒரு நிபந்தனையும் இருந்தது. கோபுரமும் ஆன்டெனாவும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். மேலூரில் அது முடியும். மூன்று பக்கம் மலை நிற்கிற நம்ம ஊரில்?

இன்றைக்கும் இயற்பியல் மாறிவிடவில்லை. 5ஜி-யில் அதிகம் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவரும் மலையும் குறுக்கே வந்தால் சீக்கிரம் சோர்ந்துவிடும். 700 மெகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் அவ்வளவு வேகம் தாங்காது. ஒரு கோபுரத்தின் வேகத்தை அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் பங்குபோட்டுக்கொள்கிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்குப் பறக்கிற நெட் ராத்திரி எட்டு மணிக்குத் தவழ்வது அதனால்தான். விளம்பரத்தில் இருப்பது காலை பத்து மணி நெட்!

சரி, கணக்குக்கு வருவோம். 2024 ஜூலை விலை உயர்வுக்குப் பிறகு, ஜியோவில் தினம் 1.5 ஜி.பி. தரும் 28 நாள் பிளான் 239-லிருந்து 299 ரூபாய் ஆனது. 28 நாள் என்பதால் வருஷத்துக்குப் பன்னிரண்டு இல்லை, பதிமூன்று ரீசார்ஜ் (இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்தவர் நிச்சயம் காமர்ஸ் படித்தவர்). ஒரு போனுக்கு 3,887 ரூபாய். நாலு பேர் வீட்டுக்கு 15,548.

ஜியோ ஏர்ஃபைபர் 2023 செப்டம்பரில் தொடங்கியபோது அடிப்படை பிளான் 599 ரூபாய், வரியோடு 707. வருஷத்துக்குச் சுமார் 8,500. 2025 ஜனவரியில் டிராய் உத்தரவால் வந்த, பேச மட்டும் பயன்படும் பிளான் 84 நாளுக்குச் சுமார் 450 ரூபாய். நாலு போனுக்கும் அதைப் போட்டு வீட்டு நெட்டும் வாங்கினால் மொத்தம் 16,300 வருகிறது. வாசலைத் தாண்டினால் யாருக்கும் நெட் இல்லை! இரண்டு போனில் டேட்டா, இரண்டு போனில் பேச்சு மட்டும், வீட்டில் ஹாட்ஸ்பாட் என்றால் 11,700-ல் முடிந்துவிடும்.

ஆனால் இந்தக் கணக்கில் சேராத ஒன்றுதான் எனக்குப் பெரிய பிரச்சினையாகத் தெரிகிறது. ஓ.டி.பி.

எங்கள் வீட்டில் ஆதாரோடு இணைத்தது அம்மாவின் நம்பர். அம்மா விடிவதற்கு முன்னால் ஜீப் ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்விடுவார். தங்கச்சியின் உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். எங்கள் கையில் நல்ல நெட், ஓ.டி.பி. போனதோ சிக்னல் இல்லாத சரிவில் இருக்கிற போனுக்கு. சாயங்காலம் அம்மா இறங்கி வந்தபிறகு அனுப்பலாம் என்றால் அப்போது தளம் திணறியது. ராத்திரி பதினொன்றரைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. இடுக்கி பக்கம் வேலைக்குப் போகிற அம்மாக்கள் இருக்கிற வீடுகளில் இது புதுக்கதை இல்லை. ரீசார்ஜ் முடிந்த போன் என்றால் இன்னும் மோசம், கொஞ்ச நாளில் உள்ளே வருவதும் நின்றுவிடும்.

அதனால் ஒரு ஜி.பி. எத்தனை ரூபாய் என்று மட்டும் பார்த்து "உலகத்திலேயே மலிவு" என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. தோட்டத்தில் வேலை பார்க்கிறவருக்கு ஜி.பி. வேண்டாம், கோடு இரண்டு வேண்டும். மலையில் ஆட்கள் குறைவு, வருமானம் குறைவு, தனியார் கம்பெனி தானாகக் கோபுரம் கட்டாது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் அரசுத் திட்டம் ஊராட்சி அலுவலகத்தோடு நிற்காமல், மலையேறிக் கோபுரங்களுக்கும் பள்ளிகளுக்கும் போக வேண்டும். கோபுரத்துக்குப் பின்னால் நல்ல இழை இருந்தால்தான் வயர்லெஸ்ஸே உருப்படும்.

தெருவில் கேட்ட இருவருக்கும் என் பதில்: கடை வைத்திருக்கிற அண்ணன் தாராளமாகப் போடலாம், பில்லுக்கும் பணம் வாங்கவும் நாள் முழுக்க நெட் வேண்டும். காலேஜ் போகும் ஒரே பிள்ளை இருக்கிற அக்காவுக்கு ஹாட்ஸ்பாட்டே போதும். யார் போட்டாலும் எடுத்தவுடன் வருஷ பிளான் கட்டாதீர்கள். அதே நெட் வைத்திருக்கிற பக்கத்து வீட்டுக்கு ராத்திரி எட்டு மணிக்குப் போய் ஒரு வீடியோ ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு காசை எடுங்கள்.