"ஓடுது தானே" என்று சொல்லித் தப்பாதீங்கோ

லா சப்பல் பக்கம் போனால் தம்பி தங்கச்சிமாரிட்டை இப்ப அடிக்கடி கேட்கிற கதை: "அக்கா, ஸ்தாஜிலை மட்லாப் கோட் முழுக்கப் பைதனுக்கு மாத்தச் சொன்னவை. ஏஐக்குக் குடுத்தன், ரெண்டு மணித்தியாலத்திலை முடிஞ்சுது. ஓடுது தானே." பக்கத்திலை நிக்கிற மாமாமார் "எங்கட பிள்ளையள் கொம்பியூட்டர்ப் புலியள்" என்று மெச்சுவினம். எனக்கு எரிச்சல்தான் வரும். ஓடுறது வேறை, சரியான விடை தாறது வேறை.

ஒரு சின்ன மத்ரிஸ் எடுங்கோ. அம்மா அப்பா ஊரிலை தாயம் என்று படிச்சதுதான். முதல் நிரை 4, 2. இரண்டாம் நிரை 2, 5. ரெண்டு பங்குகளின்ரை விலை எவ்வளவு ஆடும் என்றதை 4உம் 5உம் சொல்லுது என்று வைப்பம். வங்கிக் கணக்குக்கு இதை ஷொலெஸ்கி முறையிலை உடைக்க வேணும். 1918இலை போரிலை இறந்த பிரெஞ்சு இராணுவ அதிகாரியின்ரை முறை அது. 1924இலைதான் அச்சிலை வந்தது.

மட்லாப் மேல் முக்கோணத்தைத் தரும். பைதனிலை நம்பை கீழ் முக்கோணத்தைத் தரும். அதே பைதனிலை சைபை, நீங்கள் ஒண்டும் சொல்லாட்டி, மேல் முக்கோணத்தைத் தரும். எல்லாம் சரிதான். ஆனால் மட்லாபிலை இருந்த "நிரை நிரலைப் புரட்டிப் பெருக்கு" என்ற வரியை நம்பைக்கு அப்படியே கொண்டுவந்தால் 4உம் 5உம் இடம் மாறிப்போகும். ஒரு பங்கின்ரை ஆபத்து மற்றதின்ரை தலையிலை. எச்சரிக்கை ஒண்டும் வராது.

நட்சத்திரக் குறியும் அப்பிடித்தான். மட்லாபிலை அது தாயப் பெருக்கல். நம்பையிலை எண்ணுக்கு எண் பெருக்கும். ஒரே அளவுச் சதுர மத்ரிஸ்கள் என்றால் சத்தமில்லாமல் பிழை விடை வரும்.

பிரிபெக்சரிலை அம்மாவுக்கு மொழிபெயர்த்த பிள்ளையளுக்கு இது புதுசில்லை. பிறந்த திகதியிலை நாளையும் மாதத்தையும் மாறிச் சொன்னால் வசனம் நல்லாத்தான் இருக்கும், பைல்தான் பிழைச்சுப்போகும்.

1970களிலை அமெரிக்காவின்ரை ஆர்கோன் ஆய்வுகூடக்காரர் அல்கோலிலை இருந்த தாயக் கணக்குகளை போர்ட்ரானுக்கு மாத்தி ஐஸ்பாக் என்று வெளியிட்டவை. பல இடங்களிலை, வேறை வேறை கொம்பியூட்டர்களிலை ஓட்டிச் சோதிச்சுப் பாத்த பிறகுதான் குடுத்தவை. அவையிலும் பாக்க நாங்கள் கெட்டிக்காரரோ?

செய்ய வேண்டியது ரெண்டு வரி வேலை. உடைச்சதைத் திரும்பப் பெருக்கி 4, 2, 2, 5 வருதா என்று பாருங்கோ. பழைய கோட்டின்ரை விடையோடை ஒப்பிடுங்கோ. அதிலை "சமமா" என்று கேட்காமல், வித்தியாசம் எவ்வளவு சின்னன் என்று கேளுங்கோ. ஏனென்றால் பத்தின் பதினாறாம் அடுக்கோடை 1ஐக் கூட்டி, திரும்ப அதே அடுக்கைக் கழிச்சால் கொம்பியூட்டர் 0 என்றுதான் சொல்லும். கூட்டுற ஒழுங்கு மாறினால் விடையும் மாறும்.

அடுத்தமுறை ஸ்தாஜிலை "முடிஞ்சுதா?" என்று கேட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கோ: "மாத்தியாச்சு. இன்னும் சரிபார்க்கேல்லை. அதுக்கும் நேரம் தாங்கோ."