உறுப்பினரா, வாடிக்கையாளரா?

உடலை ஓம்புதல் ஒவ்வொருவர்க்கும் உரிய கடமை என்பதை மறுப்பார் இலர். பள்ளியிலும் இல்லத்திலும் அதனைப் பலரும் பலகால் எடுத்துரைத்திருப்பர். ஆதலின் ஈண்டு மீண்டும் அதனைக் கூறப் போவதில்லை. உடலை ஓம்பப் புறப்படும் ஒருவர், பணம் கொடுத்துச் சேரும் இடத்தில் எவ்வாறு நடத்தப்படுகிறார் என்பதையே நாம் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். இது சிறு பொருளாகத் தோன்றலாம். எனினும் இன்று சென்னை, கோவை, மதுரை முதலிய பெருநகரங்களில் மட்டுமின்றி, சிறு நகரங்களின் கடைத்தெருக்களிலும் உடற்பயிற்சிக் கூடங்கள் எழுந்துள்ளன. பள்ளிப் படிப்பை முடித்து வெளியேறும் இளைஞர் பலர், தம் வாழ்வில் முதன்முதலாகக் கையொப்பமிடும் ஒப்பந்தம் அக்கூடங்களின் சேர்க்கைப் படிவமாக இருத்தல் கூடும்.

முன்னாளில் நம் ஊர்களில் சிலம்பக் கூடங்கள் இருந்தன. கர்லாக்கட்டை சுழற்றுதல், தண்டால் எடுத்தல், இளவட்டக்கல் தூக்குதல் ஆகியவற்றை இளைஞர் அங்கும் ஊர்ப் பொதுவிடத்திலும் பயின்றனர். ஆசானுக்குக் காணிக்கை உண்டேயன்றி மாதக் கட்டணம் என்பது பெரும்பாலும் இல்லை. அதனை நினைந்து நினைந்து பெருமூச்சு விடுவாரும் உளர். யான் அவரோடு முழுதும் உடன்படேன். அக்கூடங்களின் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. பெண்டிர் பெரும்பாலும் உள்ளே செல்லவில்லை. சாதி பார்த்துக் கற்பித்த ஆசான்களும் இருந்தனர். பணம் கொடுத்தவர் எவராயினும் உள்ளே வரலாம் என்னும் நிலை, அவ்வகையில் ஒரு முன்னேற்றமே.

பயிற்சியைக் கட்டணத்திற்கு விற்கும் வழக்கமும் நேற்றுத் தோன்றியது அன்று. 1811ஆம் ஆண்டில் பெர்லின் நகரின் புறத்தே ஆசன்கைடு என்னும் திடலில் யான் என்பவர் இளைஞரைத் திரட்டித் திறந்தவெளியில் பயிற்சி அளித்தார். 1897ஆம் ஆண்டில் இலண்டனில் சாண்டோ என்னும் வலியர் கட்டணம் பெற்றுக் கற்பிக்கும் நிலையம் ஒன்றை அழகுறத் தொடங்கினார். பின்னர் அவர் இந்தியாவிற்கும் வந்து தம் ஆற்றலைக் காட்டினார். சென்னையில் 1920ஆம் ஆண்டில் பக் என்பார் நிறுவிய உடற்கல்விக் கல்லூரி, பயிற்சி தருவோர்க்கும் பயிற்சி வேண்டும் என்னும் உண்மையை நம் நாட்டிற்கு உணர்த்தியது. அவ்வுண்மைக்குச் சற்றுப் பின்னர் மீண்டும் வருவோம்.

இப்பொழுது இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று ‘உறுப்பினர்’, மற்றொன்று ‘வாடிக்கையாளர்’. உடற்பயிற்சிக் கூடத்தார் தம்மிடம் சேர்வாரை உறுப்பினர் என்றே அழைக்கின்றனர். உறுப்பினர் அட்டை தருகின்றனர். உறுப்பினர் எண்ணும் தருகின்றனர். ஆனால் உறுப்பினர் என்பவர் யார்? தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற விளையாட்டுக் கழகம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அதன் உறுப்பினர் ஆண்டுக்கொருமுறை பொதுக்குழுவில் அமர்கிறார், வரவு செலவுக் கணக்கைக் கேட்கிறார், பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார், பிடிக்கவில்லையாயின் எழுந்து நின்று மறுத்துரைக்கிறார். அவரே உறுப்பினர். கூடத்தில் பணம் கட்டியவர்க்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. அவர் ஒரு சேவையை விலைக்கு வாங்கியவர், வாடிக்கையாளர். அவரை உறுப்பினர் என அழைப்பது மரியாதை போலத் தோன்றினும், வாடிக்கையாளர்க்கு உரிய உரிமைகளை அவர் மறந்துபோக அச்சொல் துணை செய்கிறது. “நாம் எல்லாரும் ஒரு குடும்பம்” என்று கூறும் இடத்தில் பற்றுச்சீட்டு கேட்க யாருக்கு நா எழும்?

வாடிக்கையாளரின் அனுபவங்களுள் மிகப் பலவாகக் கேட்கப்படுவது முன்பணத்தைப் பற்றியதே. மாதக் கட்டணம் ஆயிரம் ரூபாய். ஆண்டு முழுவதற்கும் இன்றே கட்டினால் ஒன்பதாயிரமே என்று ஒரு கூடம் அறிவிப்பதாகக் கொள்வோம். கணக்கில் தேர்ந்த மாணவர் ஒருவர், மூவாயிரம் ரூபாய் மிச்சம் என்று உடனே கூறுவார். அக்கணக்கு பிழையன்று; ஆனால் அது முழுக் கணக்கும் அன்று. சேர்ந்தவர் முதல் திங்களில் இருபது நாள் வருகிறார். அடுத்த திங்களில் பத்து நாள். பின்னர்த் தேர்வு வருகிறது, மழை வருகிறது, தமக்கையின் திருமணம் வருகிறது, அவர் வருவதில்லை. முப்பது நாள் வருகைக்கு அவர் ஒன்பதாயிரம் கொடுத்திருக்கிறார். நாளொன்றுக்கு முந்நூறு ரூபாய் ஆயிற்று. மாதந்தோறும் கட்டியிருப்பின் இரண்டாயிரத்தோடு நின்றிருக்கும்.

இது கற்பனைக் கணக்கு என்று தள்ளிவிடுதல் வேண்டா. அமெரிக்க நாட்டில் தெல்லாவிக்னா, மால்மெந்தியர் என்னும் பொருளியல் அறிஞர் இருவர், மூன்று உடற்பயிற்சிக் கூடங்களில் ஏழாயிரத்திற்கும் மேற்பட்டோரின் வருகைப் பதிவுகளை ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மாதத்திற்கு 70 டாலருக்கு மேல் கட்டும் ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்கள், சராசரியாக மாதம் 4.3 முறையே வந்தனர். எனவே ஒரு வருகைக்கு அவர்கள் கொடுத்தது 17 டாலருக்கும் மேல். அதே கூடங்களில் பத்து வருகைக்குரிய சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகைக்குப் பத்து டாலர்தான் ஆகியிருக்கும். அவர்கள் கணக்கறியாதவர் அல்லர். நாளைய தம் உறுதியை இன்றே மிகையாக மதிப்பிட்டுவிட்டனர், அவ்வளவே. மனித இயல்பின் இம்மென்மையான இடத்தை வணிகம் நன்கு அறிந்து வைத்திருக்கிறது. வருவார் அனைவரும் நாள்தோறும் வந்தால் இடம் போதாது என்பதை அறிந்தே சில கூடங்கள் சேர்க்கின்றன. வராதவரின் பணத்தால் வருபவரின் விளக்கு எரிகிறது.

கூடம் நடத்துவோர் பக்கத்திலும் நியாயம் உண்டு. அதனை மறைப்பது நடுவுநிலைமை ஆகாது. கட்டடத்திற்கு வாடகை, குளிரூட்டும் பொறிக்கு மின்கட்டணம், ஓடுபொறிக்கும் எடைக்கருவிகளுக்கும் வங்கிக் கடன், பயிற்சியாளர்க்கு ஊதியம் ஆகிய அனைத்தும் மாதந்தோறும் தவறாமல் வந்து நிற்கும். சனவரியில் கூட்டம் நிரம்பும். மார்ச்சுத் திங்களில் பாதி இடம் வெறுமையாகும். முன்பணம் இன்றேல் தொழில் நடவாது என்று அவர்கள் கூறுவதில் உண்மை இருக்கிறது. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றின் காரணமாக மார்ச்சு இறுதியிலிருந்து ஆகஸ்டு வரை கூடங்கள் பூட்டிக் கிடந்தபொழுது அவர்கள் பட்ட துன்பத்தையும் மறத்தலாகாது. அக்காலத்தில் சிலர், பூட்டியிருந்த நாட்களைக் கணக்கிட்டு உறுப்பினரின் காலத்தை நீட்டித்துத் தந்தனர். சிலர் அட்டையில் அச்சிட்ட நாள் முடிந்தது என்று கூறிக் கைவிரித்தனர். இருவர்க்கும் வந்த இடர் ஒன்றே. நடந்துகொண்ட முறைதான் வேறு. என் கருத்து இதுதான்: ஆண்டுக் கட்டணம் பெறுவது குற்றமன்று; ஆனால் மூன்று திங்களுக்கு மேற்பட்ட முன்பணம் எதுவாயினும், விலக விரும்புவார்க்கு எஞ்சிய காலத்திற்குரிய தொகையில் ஒரு பங்கையேனும் திருப்பித் தருதல் வேண்டும் என்று அரசு விதி செய்தல் நன்று.

அவ்விதி வரும்வரை வாடிக்கையாளர் துணையற்றவரா எனின், அல்லர். 1986ஆம் ஆண்டில் நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதற்கு மாற்றாக 2019ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2020 சூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. விலை கொடுத்துச் சேவை பெறுபவரும் நுகர்வோரே. பற்றுச்சீட்டு தர மறுத்தல் முறையற்ற வணிகம் என்று அச்சட்டம் கூறுகிறது. குறையுள்ள சேவைக்குப் பெற்ற பணத்தை உரிய காலத்துள் திருப்பித் தர மறுத்தலும் அத்தகையதே. ‘கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று சுவரில் எழுதி வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது எனப் பலர் எண்ணுகின்றனர். சட்டத்தின் கண்ணுக்குச் சுவரெழுத்து இறுதித் தீர்ப்பு அன்று. உறுதியளித்த பயிற்சியாளர் இல்லை, கருவிகள் பழுதுற்றுக் கிடக்கின்றன, கூடமே வேறிடம் பெயர்ந்துவிட்டது என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். தாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிடலாம். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. கொடுத்த விலை ஐந்து இலட்சம் ரூபாய்க்குள் இருப்பின் வழக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். தொலைபேசியில் 1915 என்னும் எண்ணை அழைத்தால் தேசிய நுகர்வோர் உதவி மையம் வழிகாட்டும். ஆனால் சோம்பல் மிகுந்து செல்லாமல் இருந்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்பது வேறு. அங்கே சேவையில் குறை இல்லை. கேட்பவர்க்கே அது தெரியும்.

பணத்தினும் பெரியது ஒன்று உண்டு. மாணவர்களே, இப்பகுதியை நீங்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். வளரும் பருவத்து இளைஞன் ஒருவன் கூடத்திற்குள் நுழைந்தவுடன், சுவரெங்கும் தசை திரண்ட உருவங்களைக் காண்கிறான். ‘மூன்று திங்களில் இத்தகைய உடல்’ என்று அவனிடம் கூறப்படுகிறது. அவன் உழைக்கிறான், மூன்று திங்களும் முடிகின்றன, உடல் அவ்வாறு ஆகவில்லை. அப்பொழுது ஒரு புட்டியோ பொட்டலமோ அவன் முன் வைக்கப்படுகிறது. புரதத் தூள் யாவும் நஞ்சு என்று யான் கூறவில்லை. பால், முட்டை, பருப்பு, கடலை ஆகியவற்றில் உள்ள புரதமே அதிலும் உள்ளது. ஆயினும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க உரிம எண் இல்லாத புட்டியை எவரும் திறத்தல் கூடாது. தசை பெருக்கும் ஸ்டீராய்டு என்னும் ஊக்க மருந்தோ முற்றிலும் வேறு பொருள். மருத்துவர் நோய்க்குத் தரும் அதனைப் பொலிவுக்காகக் கொள்வார்க்குக் கல்லீரலும் இதயமும் கேடுறும். வளரும் பருவத்தில் கொண்டால் எலும்பின் வளர்ச்சி முன்னதாகவே நின்று உயரம் தடைப்படும். விற்பவர் பயிற்சியாளராக இருப்பின் தீங்கு இரு மடங்கு. ஏனெனில் இளைஞன் அவரை வணிகராக நினைப்பதில்லை, ஆசானாக நினைக்கிறான். பயிற்சி தருவோர்க்குப் பயிற்சி வேண்டும் என்று முன்னர்க் கூறியதன் பொருள் இங்கே விளங்கும். எடை தூக்குமுன் முதுகை எவ்வாறு நிறுத்த வேண்டும் என்பதை அறியாதவர், கழுத்தில் ஊதலைத் தொங்கவிட்டதனால் மட்டும் ஆசான் ஆகிவிடமாட்டார். அவர் எங்குக் கற்றார், என்ன சான்று பெற்றார் என்று கேட்பது அவமதிப்பு அன்று. மருத்துவர் தம் பட்டத்தைப் பெயர்ப்பலகையில் எழுதி வைப்பதில்லையா?

பெண்டிர்க்குத் தனி நேரம் ஒதுக்குதல், முதியவரிடம் பொறுமை காட்டுதல், கருவிகளைத் துடைத்து வைத்தல் ஆகியன குறித்து நீள எழுத வேண்டுவதில்லை; நல்ல கூடங்கள் அவற்றைச் சொல்லாமலே செய்கின்றன. ஒன்று மட்டும் கூறுவேன். பருத்த உடலினர் ஒருவர் கூச்சத்தோடு முதல் நாள் உள்ளே வரும்பொழுது அங்கிருப்போர் அவரைப் பார்க்கும் பார்வை எத்தகையது? கூடத்தின் தரத்தை அறிய அதனினும் சிறந்த அளவுகோலை யான் கண்டதில்லை. உடல்நலம் எவர்க்கு மிகுதியாக வேண்டுமோ அவரையே நாணச் செய்து விரட்டும் இடத்திற்கு எத்துணைப் பளிங்குத் தளம் இருந்தென்ன?

பெருங்கூடங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், சிறு கழகங்களை மறந்துவிடுவோம். வடசென்னையின் குறுந்தெருக்களில் கேரம் மன்றங்கள் உள்ளன. ஒரு சிற்றறை, சில பலகைகள், மேலே தொங்கும் விளக்கு. அவ்வளவே அவற்றின் செல்வம். ஆயினும் இருமுறை உலக வாகையரான மரிய இருதயம் சென்னையில் வளர்ந்த ஆட்டக்காரரே. 1996ஆம் ஆண்டிற்குரிய அருச்சுனா விருது அவர்க்கு வழங்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற காசிமா என்னும் இளநங்கையும் அப்பகுதியைச் சேர்ந்தவரே. அவர் தந்தையார் ஆட்டோ ஓட்டுநர். இத்தகைய மன்றங்களில் பலகையைத் துடைப்பவரும், பொடி தூவுபவரும், இளையவர்க்கு ஆட்டம் சொல்லித் தருபவரும் உறுப்பினரே. முன்னர் நாம் தேடிய ‘உறுப்பினர்’ என்னும் சொல், பொருள் குன்றாமல் வாழும் இடம் அதுவே. ஆனால் எல்லாக் கழகங்களும் இவ்வாறு இல்லை. நுழைவுக் கட்டணத்தை மலைபோல் உயர்த்தி வைத்து, ஒரு சிலரே ஆண்டாண்டாகப் பதவியில் அமர்ந்து, திடலை வெறும் விருந்து மண்டபமாக மாற்றிவிட்ட கழகங்களும் உண்டு. அங்கே உறுப்பினர்க்கு வாக்குரிமை இருந்தும் அதனை எடுத்து ஆள்வார் இல்லை.

நீங்கள் ஒரு கூடத்தில் சேர நினைத்தால், எந்த நேரத்தில் பயில விரும்புகிறீர்களோ அந்த நேரத்திலேயே சென்று அரைமணிப் பொழுது நின்று பாருங்கள். நண்பகலில் காட்டப்படும் வெறுமையான கூடம் வேறு. மாலை ஏழு மணிக்கு ஒரு கருவிக்கு ஐவர் காத்து நிற்கும் கூடம் வேறு. பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. ஆதலின் படிவத்தில் உங்கள் பெற்றோரே கையொப்பமிடுவர். அதனைப் படித்துப் பொருள் கூற வேண்டியவர் நீங்கள். முதல் மூன்று திங்கள் மாதக் கட்டணமே கட்டுங்கள்.

கட்டணம் செலுத்த இயலாத வீடுகளும் பல உள்ளன. பள்ளிப் பருவத்தார் நாளொன்றுக்குச் சராசரியாக அறுபது நிமிடமேனும் உடல் வருந்த இயங்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. அதற்குக் குளிரூட்டிய அறை தேவை என்று அது கூறவில்லை. பள்ளித் திடல் இருக்கிறது. உள்ளாட்சி மன்றத்தார் பூங்காக்களில் அமைத்த திறந்தவெளிக் கருவிகள் பல ஊர்களில் இருக்கின்றன. அவற்றுள் சில, எண்ணெய் காணாமல் துருவேறி நிற்கின்றன. அவற்றிற்கும் விலை கொடுத்தவர் நாமே. நம் பெற்றோர் கட்டிய வரியே அவ்விலை. எந்தப் பூங்கா, எந்தக் கருவி, என்ன பழுது என்று ஒரு தாளில் தெளிவாக எழுதி, உங்கள் வார்டின் மன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக நகலில் ஒப்பம் வாங்கி வையுங்கள். அதற்கு வாக்களிக்கும் வயது வர வேண்டியதில்லை.