எழுத்துப் பிழை யாருடையது?



சாதாரண தரப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டை விண்ணப்பம் நிரப்பும் காலம் வந்தால் ஆசிரியர்களாகிய நாங்கள் வருடாவருடம் பார்ப்பது இதுதான். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் 'முஹம்மது'. பாடசாலை இடாப்பில் 'முகம்மட்'. வேறொரு கடிதத்தில் 'மொஹொமட்'. ஆள் ஒன்று, கந்தோர்களுக்கு மூன்று பேர்.

உடனே வரும் பதில்: "உங்கட பெயர்ல பிழை. சத்தியக் கடதாசி முடிச்சிட்டு வாங்க." கடலுக்குப் போகும் வாப்பாவுக்கு அது ஒரு நாள் தொழில்.

நாம் கேட்கிறோம்: இது யாருடைய பிழை? அரபுப் பெயரைத் தமிழிலும், அதைச் சிங்களத்திலும், பிறகு ஆங்கிலத்திலும் ஆளுக்கொரு விதமாக எழுதியது நாமா? 2004 சுனாமியிலும் 2006 மூதூர் இடம்பெயர்விலும் பத்திரங்களை இழந்தவர்கள் நம்மில் பலர். பிரதி எடுத்த இடத்திலெல்லாம் புது எழுத்துக்கூட்டல்!

எண்ணிலும் இதே கதை. 2016 ஜனவரி 1 முதல் அடையாள அட்டை எண் 12 இலக்கம். பழையதைப் புதியதாக்க நேரான கணக்கு உண்டு: பிறந்த வருடத்துக்கு முன் 19, தொடர் எண்ணுக்கு முன் ஒரு பூச்சியம், கடைசி எழுத்து நீக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யும். இதைச் செய்யாத கணினியில் ஒரே மனிதர் இருவராகிறார்.

மருந்து இல்லாமல் இல்லை. தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் 'லைஃப்' என்ற பொதுச் சட்டகத்தை வகுத்து பத்து வருடத்துக்கும் மேல். பெயர், பிறந்த திகதி போன்றவற்றை எல்லாத் திணைக்களங்களும் ஒரே முறையில் பதிய வேண்டும், அப்போதுதான் ஒன்றின் தகவல் மற்றதற்கு விளங்கும் என்பதே அதன் சாரம். தரம் கடதாசியில் இருக்கிறது, கவுண்டருக்கு வரவில்லை. இப்போது இந்திய நன்கொடையுடன் டிஜிட்டல் அடையாள அட்டை வருகிறது. நம்மைத் தெரிந்த கிளார்க்காவது சில வேளை விட்டுக் கொடுப்பார். கணினி விட்டுக் கொடுக்குமா?

2009 இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவில் பாதைக்காகக் காத்து நின்றோம். இன்று கந்தோருக்கும் கந்தோருக்கும் நடுவில் நாமே பாதை. போட்டோக் கொப்பியை ஏற்றி இறக்குகிறோம்.

எல்லாம் இணைந்தால் கண்காணிப்பார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். 2019 க்குப் பிறகு அது காரணமில்லாத அச்சமல்ல. ஆனால் தகவல் சிதறிக் கிடந்தது நம்மைக் காப்பாற்றவில்லை, அலைய வைத்தது. காப்பு சட்டத்தில்தான்: 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை முழுமையாக நடைமுறைப்படுத்துங்கள் என்று கேட்போம்.

நமது கோரிக்கைகள் இவை. தமிழில் பதிந்த பெயரே மூலமாக இருக்கட்டும். மற்ற மொழிகளுக்கு மாற்ற ஒரே விதி வேண்டும். ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்த வேண்டும். நம் தகவலை யார் பார்த்தார் என்று நமக்குத் தெரிய வேண்டும்.

நம் பங்கும் உண்டு. பிள்ளையின் பிறப்பைப் பதியும்போது, கையொப்பமிட முதல் ஒவ்வொரு எழுத்தையும் வாசியுங்கள்.