கிளிப்புக்கு அடியில் பாருங்கள்

அமெரிக்காவின் வட மாநிலங்களில் பனிக்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள். அந்த உப்பில் ஓடிய பழைய பிக்கப் வண்டிகளில் பிரேக் குழாய் இற்று வெடிப்பது அங்குள்ள பட்டறைகளுக்குப் பழகிப்போன வேலை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 1999–2003 மாடல் பிக்கப்புகள் மீது இந்தப் புகார் குவிந்ததால், தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2010இல் விசாரணையைத் தொடங்கியது. 2015இல் அது முடிந்தபோது ரீகால் உத்தரவு வரவில்லை. வண்டிக்கு வயதானால் வரும் தேய்மானம் இது, மற்ற நிறுவன வண்டிகளிலும் உண்டு என்றார்கள். 2007ஆம் ஆண்டு மாடல் வரையுள்ள வண்டிகளை வைத்திருப்பவர்கள் அடிப்பாகத்தைக் கழுவிச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று அறிவுரையும் தந்தார்கள்.

இருபது ஆண்டு உழைக்கும் என்று நம்பி வாங்கிய வண்டியில், ஏழெட்டுப் பனிக்காலத்தில் இற்றுப்போகும் குழாயை மாட்டிவிட்டு, பழியை வாங்கியவரின் பராமரிப்பு மேல் போடுவதை நம்மால் ஏற்க முடியவில்லை. ஆனாலும் முடிவு அதுதான். மிச்சிகன், ஒஹாயோ, மினசோட்டா போன்ற உப்பு மாநிலங்களில் கார், பிக்கப்புகளுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பாதுகாப்புச் சோதனையும் கிடையாது. எஞ்சின் ஆயில் மாற்ற வண்டியைத் தூக்கும் மெக்கானிக்கின் கண்ணை விட்டால் வேறு கண் இல்லை.

அந்தக் கண் எங்கே பார்க்க வேண்டும்? வெளியே தெரியும் குழாயில் மேல்துரு மட்டும் இருக்கலாம். சேஸிஸ் சட்டத்தின் உள்பக்கமாகக் குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புக்குள்தான் உப்புச் சேறு அடைந்து கிடக்கும். கால்சியம் குளோரைடும் மெக்னீசியம் குளோரைடும் காற்றிலிருந்தே ஈரத்தை இழுப்பதால் அந்த இடம் எளிதில் காய்வதில்லை. எஃகுக் குழாயின் சுவரோ ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. துருவால் அது மெலிந்த பிறகும் மெதுவாகப் பிரேக் போடும்போது தாங்கும். அவசரத்துக்கு ஓங்கி மிதித்தால், அழுத்தம் உச்சத்துக்குப் போகும் அந்த நொடியில் வெடிக்கும். இரண்டு சுற்று இருப்பதால் பிரேக் மொத்தமாகப் போகாது என்பது உண்மை. ஆனால் முன்சக்கரச் சுற்று போய்விட்டால், பாரமில்லாத பிக்கப்பைப் பின்சக்கரப் பிரேக் மட்டும் எவ்வளவு தூரத்தில் நிறுத்தும் என்று நமக்குத் தெரியும்.

வெடித்த துண்டை மட்டும் வெட்டி ஒட்டுப்போடும் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும். அந்தக் குழாயின் மற்ற இடங்களும் அதே உப்பில்தான் கிடந்தன. அடுத்த வெடிப்பு ஒட்டுக்குப் பக்கத்திலேயே வரும். நசுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் யூனியன் பிரேக்கில் கூடவே கூடாது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரம் வரை முழுத் தொகுப்பையும் மாற்றுங்கள். வோல்வோ 1970களிலேயே கையாண்ட தாமிர–நிக்கல் குழாய் இதற்கு ஏற்றது: துருப்பிடிக்காது, கையால் வளையும், ஃப்ளேர் சுத்தமாக விழும். வேலை முடிந்து காற்றெடுக்கும்போது ஏபிஎஸ் யூனிட்டுக்குள் சிக்கிய காற்றை ஸ்கேன் கருவி இல்லாமல் வெளியேற்ற முடியாத வண்டிகளும் உண்டு.

வண்டியின் விலைக்கு இந்தச் செலவு கட்டுபடியாகாது என்று உரிமையாளர் சொல்வார். குழாயைச் சுரண்டி அவர் கண்ணெதிரே காட்டுங்கள். அப்படியும் மறுத்தால், கண்டதை பில்லில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒட்டுப்போட்டு மட்டும் அனுப்பாதீர்கள்.